ரேடியோ அறைக்குப் பணம் சேர்க்கும் முன்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நூற்றாண்டு வேலைகளில் ஒன்றாக, நூலகத்துக்குப் பக்கத்திலுள்ள பழைய வகுப்பறையை வானொலி வரலாற்றைச் சொல்லும் ஒரு சிறு காட்சியறையாக மாற்றுவதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. எல்லோரும் அதை ‘ரேடியோ அறை’ என்றே சொல்கிறோம். சுற்றறிக்கை வெளிநாட்டிலுள்ள எங்களுக்கும் வந்தது. தரைக்கு ஓடு, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலுமாரி, குளிரூட்டி, வாசலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் என்று பட்டியல் இருந்தது. நான் இருக்கும் ஊரில் ஒரு வானொலி அருங்காட்சியகத்துக்கு அடிக்கடி போய் வருகிறேன் என்பதால், நிதி திரட்டுவது பற்றிச் சில வார்த்தை பேசும்படி செயலாளர் கேட்டார். வெளியூரிலிருந்து வந்து நின்றுகொண்டு புத்தி சொல்வது சுலபம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியலின் வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். ஓடும் அலுமாரியும் கடைசியில் வரட்டும்.

ஏன் என்று சொல்வதற்கு முன், ரேடியோவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் ஒரு தங்கை கேட்டாராம். நியாயமான கேள்வி.

இந்த நாட்டின் ஒலிபரப்பும் நம் சங்கமும் ஏறக்குறைய ஒரே வயது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். முதலாம் உலகப் போரில் கைப்பற்றிய ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டுதான் அந்த ஒலிபரப்புக் கருவியைச் செய்தார்கள். 1925 டிசம்பர் 16ஆம் திகதி வெலிக்கடையிலிருந்து முறையான ஒலிபரப்பு தொடங்கியது. ஆரம்பித்து வைத்தவர் ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட். பிரிட்டனில் பிபிசி தொடங்கி மூன்றே வருடம்.

பிறகு போர் வந்தது. 1944இல் மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். நம் ஊரிலிருந்து கண்டியைத் தாண்டினால் பேராதனைதான். படையினருக்காக ‘ரேடியோ சீயாக்’ என்ற நிலையம் கொழும்பில் நடந்தது. அதற்காக ஏக்கலையில் நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலைக் கருவி சுதந்திரத்துக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ தனித் திணைக்களம் ஆனது. 1950இல் வர்த்தக சேவை. 1967இல் கூட்டுத்தாபனம். 1972இல் இன்றைய இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயர். வரலாற்றுப் பாடம் இத்தோடு போதும்.

நமக்குச் சம்பந்தம் இனித்தான். அந்த வர்த்தக சேவையின் தமிழ்க் குரலாக எஸ். பி. மயில்வாகனம் பேசியபோது இங்கே திருகோணமலை வீதிக் கடைகளிலும் கேட்டது, கடல் கடந்து திருநெல்வேலி, இராமநாதபுரம் தேநீர்க் கடைகளிலும் கேட்டது. செந்திமணி மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், சற்சொரூபவதி நாதன், விசாலாட்சி ஹமீட் என்று பெண்களின் குரல்கள் வந்தன. அந்தக் காலத்தில் ஒரு பெண் நாடே கேட்கும்படி, தடுமாறாமல், அழகான தமிழில் செய்தி வாசிக்கலாம் என்பதை நமக்குக் காட்டித் தந்தது பாடப்புத்தகம் அன்று, அந்தப் பெட்டிதான். இந்த மண்டபத்தில் இருக்கும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் கண்ணாடி முன் நின்று ‘நேரம் இப்போது’ என்று சொல்லிப் பார்க்காதவர் யாராவது இருந்தால் கை உயர்த்துங்கள். (சிரிப்பு)

‘சானா’ என்ற சண்முகநாதனின் நாடகங்கள், சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’, பிறகு படமாகவே வந்த ‘கோமாளிகள்’, பி. எச். அப்துல் ஹமீட்டின் ‘பாட்டுக்குப் பாட்டு’, ‘இசையும் கதையும்’. இவற்றையெல்லாம் கேட்பதற்காகத்தான் லயத்தில் ஒரே ஒரு ரேடியோ இருந்த வீட்டின் இஸ்தோப்பில் பத்துக் குடும்பம் கூடியது. எல்கடுவையிலிருந்தும் ரத்தோட்டையிலிருந்தும் உக்குவளையிலிருந்தும் தபாலட்டை எழுதியவர்கள் தங்கள் பெயரைவிடத் தோட்டத்தின் பெயர் சரியாக வாசிக்கப்பட வேண்டுமென்று காத்திருந்தார்கள். பெயருக்கு முன்னால் ஊரைச் சூட்டிக்கொள்ளும் பழக்கம் நம்மூர் எழுத்தாளர்களுக்கு அதிகம். மாத்தளை சோமு, மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை வடிவேலன், மாத்தளை மலரன்பன் என்று நீளும். அந்த ஊர்ப் பெருமையில் ரேடியோவுக்கும் கொஞ்சம் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால் நம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள் குடும்பத்தோடு கப்பலேறிப் போனார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் நம் பழைய மாணவிகள் சிலர் இன்றும் சொல்வது, போன புதிதில் அழுகையை அடக்கியது இலங்கை வானொலியின் காலை நேரப் ‘பொங்கும் பூம்புனல்’தான் என்று. 1983இல் முத்துமாரியம்மன் கோயில் தேர்களோடு சேர்ந்து எரிந்த வீடுகளில் எத்தனை ரேடியோப் பெட்டி, எத்தனை நிழற்படம், எத்தனை கசெட் போயிற்று என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. அதன் பிறகுதான் நாம் கனடா, அவுஸ்திரேலியா, இங்கிலாந்து என்று சிதறினோம். ‘உலகெங்குமுள்ள பழைய மாணவிகள்’ என்று இந்த மலரில் அச்சிடுகிறோமே, அந்த ‘உலகெங்கும்’ அப்படித்தான் வந்தது.

ஆகவே மாத்தளையில் ஒரு பாடசாலைக்குள் ரேடியோ அறை என்பது வேடிக்கை இல்லை. கேட்டவர்களின் வரலாறு என்று ஒன்று உண்டு. அதை நாம்தான் வைத்திருக்கிறோம்.

அந்த வரலாறு எதில் இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. அலுமாரிக்குள் வைக்கப் போகும் பெட்டிகளில் இருக்கிறது என்று சுற்றறிக்கை நினைக்கிறது. பெட்டி அழகானது, எனக்கும் ஆசைதான். ஆனால் பிலிப்ஸ் பெட்டியும் நேஷனல் பெட்டியும் உலகில் எத்தனையோ இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாதது நம் வீட்டு அலுமாரிகளின் அடித்தட்டில் கிடக்கிறது. அதுதான் கசெட். சிறுவர் நிகழ்ச்சியில் நம் பாடசாலைப் பிள்ளைகள் பாடியதை அப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப்பை வைத்துப் பதிந்தது. பரிசளிப்பு விழா. கலைவிழா நாடகம். இந்தியாவுக்குப் போன தங்கச்சிக்கு, வளைகுடாவில் வேலைக்குப் போன மகளுக்கு, எழுதத் தெரியாத அம்மா பேசி அனுப்பிய குரல் கடிதம். பின்னணியில் ரேடியோவும் பாடிக்கொண்டிருக்கும், சேவலும் கூவும்.

இவை அழிந்துகொண்டிருக்கின்றன. அலங்காரமாகச் சொல்லவில்லை. யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பாளர்களின் சங்கமும் சேர்ந்து 2019இல் ‘காந்த நாடா எச்சரிக்கை’ என்றே ஒரு முயற்சியைத் தொடங்கின. நாடா பழுதாவது ஒரு பக்கம். அதை ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் திருத்தத் தெரிந்தவர்களும் இல்லாமல் போவது மறுபக்கம். 2025ஆம் ஆண்டளவில் நாடாக்களை வழக்கமாக ஓட்டிக் கேட்கும் காலமே முடிந்துவிடும் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் சாரம். நம் ஊர் ஈரப்பதனில் நாடாவில் பூஞ்சணமும் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த கசெட்டைப் போட்டால் கருவியின் தலையும் கெடும், அடுத்துப் போடும் நல்ல கசெட்டும் கெடும்.

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன், கணித டீச்சர் இருந்தால் திருத்துங்கள். உலகமெங்கும் எல்லோரிடமிருந்தும் இருநூறு கசெட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். கசெட்டைக் கணினிக்கு மாற்றும்போது அவசரப்படுத்த முடியாது, ஒரு மணித்தியாலம் ஓட ஒரு மணித்தியாலம்தான். ஆக இருநூறு மணித்தியாலம். சனிக்கிழமை ஐந்து மணித்தியாலம் வேலை செய்தால் நாற்பது சனிக்கிழமை. இரண்டு கருவி இருந்தால் இருபது. ஆவணக் காப்பாளர்கள் சொல்லும் தரத்தில், அதாவது 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் அளவில் பதிந்தால் ஒரு கசெட் ஏறத்தாழ ஒரு கிகாபைட். இருநூறும் உள்ளங்கையளவு ஒரு வன்தட்டில் அடங்கும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றைப் பாடசாலையிலும் ஒன்றைச் சங்கத்திலும் ஒன்றை வேறு ஊரிலும் வைக்கலாம். நல்ல நிலையிலுள்ள இரண்டு டெக், ஒரு கணினி, வன்தட்டுகள், பொறுமையான பிள்ளைகள். இவற்றுக்குத் தேவையான பணம் அந்தக் கண்ணாடி அலுமாரியின் ஒரு பக்கத்துக்கே போதாது. பணத்தைவிட அதிகம் வேண்டியது சனிக்கிழமைகள்.

இந்த யோசனையை நான் லண்டனில் கற்றேன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரிலேயே இருக்கிறது. நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் சிறிது தூரம் போனால் அலுவிகாரை. பாடசாலைச் சுற்றுலாவில் எல்லோரும் போயிருக்கிறோம், குரங்கைப் பார்த்ததுதான் பலருக்கு ஞாபகம் இருக்கும். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபய மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே மனனம் செய்து காத்துவந்த திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதிய இடம் அது என்பது பௌத்த மரபு. ஏன் எழுதினார்கள்? பஞ்சமும் போரும் வந்து, மனனம் செய்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். குரலில் இருந்தது குரலோடு போய்விடும் என்ற பயம். அங்கே யாரும் முதலில் மண்டபம் கட்டலாமா என்று யோசிக்கவில்லை. பாறைக் குகைக்குள் உட்கார்ந்து எழுதினார்கள். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கலவரத்தின்போது அந்த விகாரையின் நூலகம் பெரும்பாலும் அழிந்தது. அதன் பிறகும் ஏட்டை மறுபடி எழுதினார்கள்.

இன்றைக்கும் அங்கே போனால் ஏட்டில் எழுத்தாணியால் எழுதிக் காட்டுவார்கள். உங்கள் பெயரைச் சொன்னால் அதையும் ஒரு துண்டு ஏட்டில் கீறி, மை பூசித் துடைத்துத் தருவார்கள். நீங்கள் விரும்பியதை உண்டியலில் போடுவீர்கள். நிதி திரட்டுவது பற்றி நான் வாசித்த எந்தப் புத்தகமும் இதைவிட நன்றாகச் சொல்லவில்லை. பார்க்க வருபவருக்கு அந்த இடத்தின் தொழிலே ஒரு சின்னப் பரிசாகக் கிடைக்கிறது. அவர் கொடுத்த காசு எதற்கென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது லண்டன். தெற்கு லண்டனில், தமிழ்க் கடைகள் நிறைந்த டூட்டிங்கிலிருந்து அதிக தூரமில்லாத மேற்கு டல்விச்சில், சாதாரண வீட்டுத் தெருவில் ஒரு பழைய வீடு. வெளியே நின்று பார்த்தால் அருங்காட்சியகம் என்று தெரியாது. ஜெரால்ட் வெல்ஸ் என்பவர் தாம் பிறந்த அதே வீட்டில், 1974இல் அதைத் தொடங்கினார். பழைய வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகள் ஆயிரத்துக்கும் மேல். அறை அறையாக, படிக்கட்டில், பின்தோட்டத்துக் கொட்டில்களில் என்று எங்கு பார்த்தாலும் பெட்டி. அரச மாளிகை மாதிரி எதுவும் இல்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் திறந்து காட்டுவார்கள். வெல்ஸ் 2014 இறுதியில் காலமானார். வீட்டோடு ஒட்டிய இந்த மாதிரிச் சேகரிப்புகள் பொதுவாக அவரோடு ஏலத்துக்குப் போகும். இது போகவில்லை. ஓர் அறக்கட்டளையும் தன்னார்வலர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

ஏன் பிழைத்தது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பணக்காரர் யாரும் வந்து காப்பாற்றவில்லை. அவர் உயிரோடிருந்த காலத்திலேயே அந்த வீடு கூடும் இடமாகிவிட்டது. திருத்தத் தெரிந்தவர்கள் வந்து திருத்தினார்கள், தெரியாதவர்கள் பக்கத்தில் நின்று கற்றார்கள். கோடையில் ஒரு நாள் தோட்ட விருந்து. அதற்கென்றே தூரத்து ஊர்களிலிருந்தும் பழைய வானொலிப் பிரியர்கள் வருவார்கள். நான் போன வருடத்தில் என்னைக் கவர்ந்தது ஒன்றுதான். பெட்டிகள் பேசின. கண்ணாடிக்குப் பின்னால் செத்துக் கிடக்கவில்லை. வால்வு சூடேறி, அரை நிமிடம் கழித்து, எங்கிருந்தோ வருவதுபோல் குரல் வருமே, அதைக் கேட்ட ஒரு சின்னப் பையன் அதன் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தான். நாமெல்லாம் சின்ன வயதில் செய்ததுதான்.

(ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு வீட்டிலுள்ள தாத்தாவின் வால்வு ரேடியோவை இன்றிரவே மின்சாரத்தில் போடாதீர்கள். பல வருடம் ஓடாத பெட்டியின் கொண்டென்சர்கள் வெடிக்கலாம், வயரின் உறை உதிர்ந்திருக்கும், சில பழைய பெட்டிகளில் உள்ளேயிருக்கும் இரும்புத் தட்டிலேயே மின்சாரம் பாயும். தெரிந்த மெக்கானிக்கிடம் முதலில் காட்டுங்கள்.)

நாம் என்ன செய்யலாம்? செயற்குழுவின் பட்டியலில் முதலாவதாக, தமிழ்நாட்டிலிருந்து பாடகரை அழைத்து ஒரு பெரிய இசை நிகழ்ச்சி என்றிருக்கிறது. அது வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. விமானச் சீட்டு, ஹோட்டல், ஒலியமைப்பு, மேடை எல்லாம் போக மிச்சம் வந்தால் சந்தோஷம், மழை பெய்தால் கடன். அதைவிட முக்கியம், அன்றிரவு வந்தவர்கள் ரேடியோ அறையைப் பற்றி ஒரு வார்த்தையும் நினைக்காமல் வீட்டுக்குப் போவார்கள்.

நான் சொல்வது சின்னச் சின்னக் கூட்டங்கள், ஆனால் அடிக்கடி. முதலாவது ‘கேட்கும் மாலை’. மாதம் ஒரு தடவை, இதே மண்டபத்தில், நாற்காலியை வட்டமாகப் போட்டு, மாற்றி முடித்த கசெட்டிலிருந்து இருபது நிமிடம். யாருடைய குரல், எந்த வருடம், எந்தத் தோட்டம் என்று கேட்டவர்கள் சொல்லச் சொல்ல ஒரு மாணவி எழுதுவாள். ஒலி மட்டும் இருந்து யார் என்று தெரியாவிட்டால் பாதிப் பயன்தான். இந்த விபரம் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்களை அழைத்து வர ஒரு வேன் பிடிப்பதற்குத்தான் முதல் நன்கொடை செலவாக வேண்டும். தேநீரும் வடையும் விற்கலாம். நம் ஊர் ஏலக்காய்த் தேநீருக்குக் காசு கொடுக்க யாரும் யோசிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, அலுவிகாரையிலிருந்து அப்படியே எடுத்தது, குரல் மேசை. ஒரு பழைய மைக், தலையில் மாட்டும் ஹெட்போன், ‘ஒலிபரப்பில்’ என்ற சிவப்பு விளக்கு. வருபவர் இரண்டு நிமிடம் அறிவிப்பாளராகப் பேசலாம், தமது ஊரிலிருந்து கேட்ட நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லலாம், செத்துப்போன அம்மாவுக்குப் பிடித்த பாட்டை விரும்பிக் கேட்கலாம். பதிந்து கையில் கொடுத்துவிடுவோம், கொடுப்பதை உண்டியலில் போடட்டும். அவர் சம்மதித்தால் ஒரு பிரதி நம் சேகரிப்பிலும் சேரும். சங்கத்துக்குக் காசும் வருகிறது, வரலாறும் வருகிறது.

மூன்றாவது, ஆண்டுக்கொரு பெருநாள். அதற்கும் திகதி தயாராக இருக்கிறது. பெப்ரவரி 13, உலக வானொலி தினம். ஐக்கிய நாடுகள் சபையின் வானொலி 1946இல் தொடங்கிய நாள் என்பதால் யுனெஸ்கோ 2011இல் அதைப் பிரகடனம் செய்தது. அன்று திருத்தும் முகாம் வைக்கலாம். நம் நகரில் ரேடியோ திருத்திய மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடைக்கு வேலை குறைந்துவிட்டது, கைக்கு இன்னும் குறையவில்லை. அவர்களை மாலை போட்டு உட்கார வைக்காமல், மேசை போட்டு உட்கார வைத்து, நம் விஞ்ஞானப் பிரிவு மாணவிகளைப் பக்கத்தில் விடுவோம். சிங்களப் பாடசாலைகளையும் முஸ்லிம் பாடசாலைகளையும் அழைப்போம். ஒரே பெட்டியில் மூன்று மொழியும் கேட்ட ஊர் இது. சிங்கள சேவையைக் கேட்டு வளர்ந்தவர்களின் கசெட்டும் நமக்கு வேண்டும். மாலையில் ‘பாட்டுக்குப் பாட்டு’. அதற்கு நடுவராக என் வகுப்புத் தோழி ஒருத்தியைச் சிபாரிசு செய்வேன், அவளிடம் யாரும் ஏமாற்ற முடியாது.

வெளிநாட்டிலுள்ளவர்களிடம் எப்படிக் கேட்பது? என் யோசனை, தொகையாகக் கேட்க வேண்டாம், மணித்தியாலமாகக் கேளுங்கள். ஒரு கசெட்டை மாற்றி, விபரம் எழுதி, மூன்று பிரதி எடுக்க என்ன செலவென்று பொருளாளர் கணக்குப் பார்த்து ஒரு விலை வைக்கட்டும். டொரொன்டோவிலுள்ள அக்கா ஐந்து மணித்தியாலத்தை ஏற்றுக்கொள்ளட்டும். ஏற்றவருக்கு எந்தக் கசெட், யாருடைய குரல் என்று எழுதி, அதில் ஒரு நிமிடத்தையும் அனுப்புவோம். வாசலில் கல்லில் பெயர் பொறிப்பதற்குப் பதிலாக, கேட்கும் ஒவ்வொரு ஒலிப்பதிவின் ஆரம்பத்திலும் இன்றைய மாணவி ஒருத்தி அறிவிப்பாளராக அந்தப் பெயரை வாசிப்பாள். ஒரு காலத்தில் நம் பெயர் ரேடியோவில் வராதா என்று ஏங்கினோமே, இப்போது வரட்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். மதிய உணவின்போதே வந்தது. கொடுக்கிறவர்கள் கண்ணால் காணக்கூடிய ஒன்றை எதிர்பார்க்கிறார்கள், கட்டடம் என்றால் படம் எடுத்து அனுப்பலாம், கணினிக்குள் இருப்பதை யார் பார்ப்பது என்றார் ஓர் அக்கா. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. நாற்பது வருடம் சங்கத்துக்காக உழைத்தவர், ஆட்கள் எப்போது பணப்பையைத் திறப்பார்கள் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். அதனால்தான் அறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் வருடம் அந்தப் பழைய வகுப்பறையையே வெள்ளையடித்து, மின்சார வயரை மட்டும் சரிபார்த்து, உலர்ந்த இடமாக்கி அங்கேயே கசெட் வேலையைத் தொடங்குவோம். வேலை நடக்கும் அறையைப் படம் எடுத்து அனுப்புவோம். பன்னிரண்டு கேட்கும் மாலையும் ஒரு வானொலி தினமும் நடந்த பிறகு அலுமாரிக்குக் கேட்டால், எதற்கு என்று எவரும் கேட்க மாட்டார்கள். அலுமாரி அடுத்த வருடமும் வாங்கலாம். எண்பது வயது அம்மாவின் ஞாபகத்தை அடுத்த வருடம் வாங்க முடியுமா என்று தெரியாது.

பணத்தைப் பற்றிப் பேச வந்து அதைச் சொல்லாமல் போனால் பொருளாளர் கோபிப்பார். இதற்கெனத் தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, ஒவ்வொரு கூட்டத்தின் வரவு செலவும் மறுநாளே அறிவித்தற் பலகையில். உண்டியலைத் திறக்கும்போது ஒரு மாணவியும் பக்கத்தில் இருக்கட்டும், எண்ணப் பழகட்டும்.

இன்னொரு விடயம் உரிமை பற்றியது. கசெட்டில் இருக்கும் திரைப்பாடலும் வானொலி நாடகமும் நமக்குச் சொந்தமில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. இறுவட்டாக்கி விற்று நிதி சேர்ப்போம் என்ற யோசனையும் பட்டியலில் இருந்தது, அதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். ஒலிபரப்பானதைப் பொதுவில் கேட்கவைக்கக் கூட்டுத்தாபனத்துக்கு எழுதி அனுமதி கேட்போம். நம் பிள்ளைகள் பாடியது, நம் அம்மாமார் பேசியது, இவற்றுக்கும் அவர்களிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். குரல் கடிதத்தில் குடும்ப இரகசியம் இருக்கும், அப்படியானதைப் பூட்டி வைக்கவும் நமக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக, வீட்டுக்குப் போய் என்ன செய்வது. அலுமாரியின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். கசெட் கிடைத்தால் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் தவறுதலாகக்கூட அதன்மேல் எதையும் பதிய முடியாது. ஸ்பீக்கருக்கு மேல் வைக்காதீர்கள், அதில் காந்தம் உண்டு. வெள்ளையாகப் பூத்திருந்தால் தனிப் பையில் போடுங்கள். மேலட்டையில் எழுதியிருப்பதை அழிக்காமல், யார், எந்த ஊர், எந்த வருடம் என்று உங்களுக்குத் தெரிந்ததை வேறொரு தாளில் எழுதி ரப்பர் பட்டியால் சேர்த்துக் கட்டுங்கள்.

தேநீர் இடைவேளையில் வாசல் மேசையில் ஒரு பயிற்சிப் புத்தகம் வைத்திருப்பார்கள். கசெட் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கத்தில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதுங்கள். மறுபக்கம் சனிக்கிழமைகள் தரக்கூடியவர்களுக்கு. நான் மூன்று வாரம் இங்கே இருப்பேன், அந்தப் பக்கத்தில் முதல் பெயராக என்னுடையதை எழுதிவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன்.